உத்தரமேரூர்க் கல்லும் உடம்புக்குள் ஓலையும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்தரமேரூருக்குப் போகிறவர்கள், வைகுண்டப் பெருமாள் கோயிலைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அந்தக் கோயிலின் சுவரில் ஓர் அதிசயம் இருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஊராட்சித் தேர்தல் எப்படி நடக்க வேண்டும் என்று கல்லிலே வெட்டி வைத்திருக்கிறார்கள்!

முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு அது. கி.பி. 919-ல் ஒரு தீர்மானம். 921-ல் இன்னொரு தீர்மானம். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். குடத்தைக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு ஓலையை எடுக்கச் சொன்னார்கள். அதுதான் குடவோலை முறை.

கல் அசையாது. அதைப் பெயர்த்துக் கொண்டு ஊர் ஊராகப் போக முடியாது. ஆகவே 1898-ல் கல்வெட்டுத் துறையினர் அதைப் படி எடுத்தார்கள். இப்படிப் படி எடுக்க ஒரு முறை உண்டு. ஈரக் காகிதத்தைக் கல்லின் மேல் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை பூசி எடுப்பார்கள். அதற்கு மைப்படி என்று பெயர். கல் கோயிலில் நின்றது. படி உலகமெல்லாம் போயிற்று.

ஆனால் படியைக் கையில் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதை ஒரே மாதிரியா பயன்படுத்துகிறார்கள்? பள்ளிக்கூடப் புத்தகம் எழுதுகிறவர், வேட்பாளருக்கு 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும் என்ற வரியை எடுத்துக் கொள்கிறார். விவசாயத்தைப் பற்றி எழுதுகிறவர் ஏரி வாரியத்தைப் பற்றிய வரியை எடுத்துக் கொள்கிறார். கல் ஒன்று, அதிலிருந்து பிறந்த கட்டுரைகள் பல.

இதே வேலை மனித உடம்புக்குள்ளும் ஒவ்வொரு வினாடியும் நடந்து கொண்டிருக்கிறது என்றால் நம்ப முடிகிறதா? அது நடக்கும் விதத்தைத் தெரிந்து கொண்டால், ஒரு குழந்தையின் உயிரைக் காப்பாற்றலாம். ஒரு மருமகளின் கண்ணீரைத் துடைக்கலாம்.

நெல்லிடம் தோற்ற மனிதன்

மனித உடம்பு கோடானு கோடி உயிரணுக்களால் ஆனது. ஏறக்குறைய எல்லா உயிரணுக்களுக்குள்ளும் ஒரு நீண்ட எழுத்து இருக்கிறது. அதுதான் டி.என்.ஏ. தமிழுக்கு 247 எழுத்து, டி.என்.ஏ.வுக்கு நாலே எழுத்து. அந்த நாலு எழுத்துகளே மாறி மாறி, தாயிடமிருந்து ஒரு கட்டு, தந்தையிடமிருந்து ஒரு கட்டு என்று, கட்டுக்கு 300 கோடி எழுத்துகளாக நீண்டு கிடக்கின்றன.

அந்த எழுத்தில் ஆங்காங்கே உள்ள வாசகங்களுக்கு மரபணு என்று பெயர். உடம்புக்கு வேண்டிய புரதங்களை எப்படிச் செய்வது என்ற உத்தரவு அவற்றில் இருக்கிறது. தசை, தோல், ரத்தம், ஜீரண நீர் எல்லாவற்றுக்கும் புரதம் வேண்டும்.

மனிதனுக்கு ஒரு லட்சம் மரபணுக்களாவது இருக்கும் என்றுதான் விஞ்ஞானிகள் பலர் முன்பு எண்ணினார்கள். 2001-ல் மனித டி.என்.ஏ.வின் முதல் வரைவு வெளியாயிற்று. 2003-ல் அந்தப் பெருந்திட்டம் முடிந்தது. எண்ணிப் பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20 ஆயிரம்தான்!

2005-ல் நெல்லின் டி.என்.ஏ.வைப் படித்து முடித்தார்கள். அதற்கு 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் என்று கணக்கு வந்தது. உத்தரமேரூர் வயலில் தலை சாய்த்து நிற்கும் நெற்கதிர், அதை அறுக்கிற மனிதனை மரபணுக் கணக்கில் வென்று விட்டது!

அப்படியானால் மூளையும் கண்ணும் பேச்சும் பாட்டும் உள்ள மனித உடம்பு இவ்வளவு குறைந்த முதலில் எப்படி நடக்கிறது? ரகசியம் படி எடுக்கும் முறையில் இருக்கிறது.

வெட்டு, ஒட்டு!

டி.என்.ஏ. கல்லெழுத்தைப் போன்றது. அது உயிரணுவின் நடுவே, உட்கரு என்ற கர்ப்பக்கிருகத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. வெளியே வருவதில்லை. புரதம் செய்யும் பட்டறை உட்கருவுக்கு வெளியே இருக்கிறது. ஆகவே வேண்டிய மரபணுவை மட்டும் படி எடுத்து வெளியே அனுப்ப வேண்டும். அந்தப் படிதான் ஆர்.என்.ஏ.

படியில் உள்ள எழுத்தின் பொருளைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா. அவருக்கு 1968-ல் நோபல் பரிசு கிடைத்தது. படியைப் படித்துப் புரதம் செய்யும் பட்டறையின் பெயர் ரைபோசோம். அதன் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் வெங்கி ராமகிருஷ்ணன். அவர் பிறந்த ஊர் சிதம்பரம்.

1977 வரை, கல்லில் உள்ளது அப்படியே படியில் வரும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அந்த ஆண்டு அமெரிக்காவில் பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள், தனித்தனியே ஆராய்ந்து, ஒரு புதுமையைக் கண்டார்கள். மரபணுவின் வாசகம் தொடர்ச்சியாக இல்லை. நடுநடுவே பொருளற்ற நீண்ட பகுதிகள் இருக்கின்றன. புலவர்கள் பழைய ஏடுகளில் இடைச்செருகல் என்பார்களே, அதுபோல. முதலில் எல்லாம் சேர்த்துப் படி எடுக்கப்படுகிறது. பிறகு இடைச்செருகல் வெட்டி எறியப்படுகிறது. பொருள் உள்ள துண்டுகள் ஒட்டப்படுகின்றன. இந்தக் கண்டுபிடிப்புக்கு 1993-ல் நோபல் பரிசு வந்தது.

வெட்டப்படும் பகுதிக்கு இன்ட்ரான் என்று பெயர். ஒட்டப்படும் துண்டுக்கு எக்ஸான் என்று பெயர். தசைக்கு வலுவூட்டும் ஒரு புரதத்தின் மரபணு 20 லட்சம் எழுத்துகளுக்கு மேல் நீளம் உள்ளது. அதைப் படி எடுத்து முடிக்கவே சுமார் 16 மணி நேரம் ஆகிறது. வெட்டி ஒட்டிய பிறகு மிஞ்சுவதோ சுமார் 14 ஆயிரம் எழுத்துதான்!

ஒரே வரி, எதிர் உத்தரவு

வெட்டி ஒட்டுவதில்தான் வித்தை இருக்கிறது. எல்லாத் துண்டுகளையும் எப்போதும் ஒட்ட வேண்டும் என்பதில்லை. ஒன்றை விட்டு ஒன்றை ஒட்டலாம்.

கல்லில் இப்படி ஐந்து துண்டுகள் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள்: “ஏரி மதகை - இன்று - நாளை - திற - மூடு.”

ஒரு கணக்குப்பிள்ளை இதை வெட்டி ஒட்டி, “ஏரி மதகை இன்று திற” என்று அனுப்புகிறார். இன்னொருவர், “ஏரி மதகை நாளை மூடு” என்று அனுப்புகிறார். துண்டுகளின் வரிசை மாறவில்லை. புதிதாக ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை. ஆனால் உத்தரவு நேர்மாறாகி விட்டது!

உடம்பிலும் இது அப்படியே நடக்கிறது. பி.சி.எல்.எக்ஸ் என்று ஒரு மரபணு உண்டு. அதன் படியை நீளமாக ஒட்டினால் வரும் புரதம் உயிரணுவைச் சாகாமல் காக்கிறது. குட்டையாக ஒட்டினால் வரும் புரதம் உயிரணுவைச் சாகச் செய்கிறது. 1993-ல் இதைக் கண்டறிந்தார்கள்.

இன்னொரு மரபணு, கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பியில் ஒரு ஹார்மோனைத் தருகிறது. அதே மரபணு நரம்பில் வேறு மாதிரி ஒட்டப்பட்டு, ரத்தக் குழாயை விரிக்கும் வேறொரு பொருளைத் தருகிறது. இது தெரிந்தது 1982-ல்.

வெட்டி ஒட்டுவது ஒரு வழி. வேறு வழிகளும் உண்டு. படி எடுப்பதை முதல் வரியில் தொடங்காமல் இரண்டாவது வரியில் தொடங்கலாம். கடைசி வரிக்கு முன்பே நிறுத்தி விடலாம். எடுத்த படியில் ஓர் எழுத்தைத் திருத்தவும் செய்யலாம்.

நெய் ஊற்றிச் சோறு சாப்பிடுகிறோமே, அந்தக் கொழுப்பைக் குடலிலிருந்து சுமந்து செல்ல ஒரு புரதம் வேண்டும். ஈரலிலிருந்து ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கவும் ஒரு புரதம் வேண்டும். இரண்டுக்கும் மரபணு ஒன்றே. ஈரலில் படி முழுதும் படிக்கப்பட்டு, 4,536 கண்ணிகள் கொண்ட பெரிய புரதம் பிறக்கிறது. குடலில் அதே படியின் நடுவே ஒரே ஓர் எழுத்து மாற்றப்படுகிறது. அந்த இடத்தில் “நிறுத்து” என்ற உத்தரவு உண்டாகிறது. அதனால் 2,152 கண்ணிகளோடு சிறிய புரதம் பிறக்கிறது. பெரியது ஈரலுக்கு, சிறியது குடலுக்கு. ஒரே மாவில் இட்லியும் தோசையும் செய்கிற வீட்டுக்காரியின் சாமர்த்தியம்தான் இது!

எக்ஸான்கள் பல உள்ள மனித மரபணுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை இப்படிப் பலவிதமாக ஒட்டப்படுகின்றன என்று 2008-ல் கண்டறிந்தார்கள். மனித உயிரணுக்களில் காணப்பட்ட ஆர்.என்.ஏ. படிகளின் வகைகள் இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல் பட்டியலில் ஏறியுள்ளன. நெல்லிடம் தோற்ற மனிதனின் செல்வம் இதுவே. முதல் குறைவு, புழக்கம் அதிகம்!

கத்தரி தவறினால்?

இவ்வளவு நுட்பமான வேலையில் பிழை வராதா? வரும். வந்தால் விளைவு சிறிதல்ல.

ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுப்பது ஹீமோகுளோபின். மூச்சுக் காற்றிலுள்ள பிராண வாயுவை உடம்பெல்லாம் சுமந்து செல்வது அதுதான். அதன் ஒரு பாதியைச் செய்யும் மரபணுவுக்குப் பீட்டா குளோபின் என்று பெயர். அது சுமார் 1,600 எழுத்து நீளம் உள்ள சிறிய மரபணு. மூன்று எக்ஸான்கள், நடுவே இரண்டு இன்ட்ரான்கள். எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உருவாகும்போது இரண்டு இன்ட்ரான்களையும் வெட்டி எறிய வேண்டும்.

எங்கே வெட்டுவது? இன்ட்ரானின் தொடக்கத்தில் உள்ள சில எழுத்துகளே அதற்கு அடையாளம். துணியில் தையற்காரர் சுண்ணக் கட்டியால் கோடு போடுவதைப் போல. சிலருக்கு முதல் இன்ட்ரானின் ஐந்தாவது எழுத்து மாறியிருக்கிறது. அங்கே ‘ஜி’ இருக்க வேண்டும், ‘சி’ இருக்கிறது. ஒரே ஓர் எழுத்து! கோடு மங்கிப் போகிறது. கத்தரி, சரியான இடத்தை விட்டு அக்கம்பக்கத்தில் வெட்டுகிறது. படி உளறலாகி விடுகிறது. உளறல் படியிலிருந்து உருப்படியான ஹீமோகுளோபின் வராது.

இந்தியாவில் தலசீமியா என்ற கடுமையான ரத்தச் சோகை நோய்க்கு மிகப் பெரிய காரணம் இந்த ஓர் எழுத்துப் பிழைதான்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட எழுத்தைப் பெற்ற குழந்தை, பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். கருவிலிருக்கும் போது வேலை செய்யும் வேறொரு ஹீமோகுளோபின் சில மாதம் தாங்கும். ஆறு மாதத்துக்குப் பிறகு குழந்தை வெளுக்கும். பால் குடிக்காது. எடை ஏறாது. மண்ணீரல் வீங்கி வயிறு பெருக்கும். பிறகு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றினால்தான் உயிர் நிற்கும். ஏற்றுகிற ரத்தத்தோடு இரும்புச் சத்தும் சேர்ந்து கொண்டே போகும். அது இருதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். அதை வெளியேற்றத் தனி மருந்து வேண்டும்.

“சோகைதானே, இரும்பு டானிக் கொடுங்கள்” என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். தலசீமியாக் குழந்தைக்கு அது உதவாது, கெடுதலும் செய்யும். டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

இரண்டு குடங்கள்

இங்கேதான் உத்தரமேரூர்க் குடம் மறுபடியும் வருகிறது.

ஒவ்வொருவரிடமும் பீட்டா குளோபின் ஓலைகள் இரண்டு உண்டு. ஒன்று தந்தை கொடுத்தது. ஒன்று தாய் கொடுத்தது. இரண்டில் ஒன்று பழுதானால், மற்றொன்று வேலையைப் பார்த்துக் கொள்ளும். அவர் நோயாளி அல்ல. வயலில் நாற்று நடுவார், பாரம் தூக்குவார், நூறு வயதும் வாழலாம். கொஞ்சம் சோகை இருக்கலாம். ஆனால் அவர் பழுதான ஓலையைச் சுமப்பவர்.

இப்படிச் சுமப்பவர் இருவர் மணந்து கொண்டால்? தாயின் குடத்தில் நல்ல ஓலை ஒன்று, பழுதான ஓலை ஒன்று. தந்தையின் குடத்திலும் அப்படியே. பிறக்கப் போகும் குழந்தை இரண்டு குடத்திலும் கை விட்டு ஒவ்வொரு ஓலை எடுக்கிறது. இரண்டும் நல்லதாக வர நாலில் ஒரு வாய்ப்பு. ஒன்று நல்லது, ஒன்று பழுது என்று வர நாலில் இரண்டு வாய்ப்பு. இரண்டுமே பழுதாக வர நாலில் ஒரு வாய்ப்பு. அந்தக் குழந்தைக்குத்தான் தலசீமியா.

முதல் குழந்தைக்கு நோய் வந்து விட்டது, இனி மூன்று குழந்தைகளுக்குப் பயமில்லை என்று சிலர் தவறாக எண்ணுகிறார்கள். அப்படி அல்ல. எடுத்த ஓலைகள் மறுபடி குடத்துக்கே போகின்றன. ஒவ்வொரு குழந்தைக்கும் குடம் புதிதாகக் குலுக்கப்படுகிறது.

இதில் யார் குற்றம்? யார் குற்றமும் இல்லை. ஆனால் பல வீடுகளில் நடப்பது என்ன? குழந்தை வெளுத்துப் போனதும், “எங்கள் பரம்பரையில் இப்படி ஒருவரும் இல்லை, வந்தவள் ராசி” என்று மாமியார் சொல்கிறாள். புருஷன் வாயைத் திறப்பதில்லை. அந்தப் பெண், ரத்தம் ஏற்றக் குழந்தையைத் தூக்கிக் கொண்டு தனியாகப் பஸ் ஏறுகிறாள்.

விஞ்ஞானம் தெளிவாகச் சொல்கிறது. இரண்டு குடத்திலும் பழுதான ஓலை இல்லாமல் இந்த நோய் வராது. பாதி தாய் வழி; பாதி தந்தை வழி. மருமகளைப் பழிக்கும் வாய், அதே பழியில் சரிபாதியைத் தன் மகன் மேலும் போட வேண்டியிருக்கும்! பழிக்காமல் இருப்பதே அறிவு.

ஜாதகத்தோடு ஒரு சீட்டு

இந்தியாவில் நூறு பேரில் மூன்று, நான்கு பேர் இந்தப் பழுதான ஓலையைச் சுமப்பவர்கள் என்று மத்திய அரசின் மருத்துவக் கணக்கு சொல்கிறது. ஆண்டுதோறும் சுமார் 10 ஆயிரம் குழந்தைகள் கடுமையான தலசீமியாவுடன் பிறப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவுக்குள் பெண் எடுப்பது பழைய வழக்கம். ஏறத்தாழ நாலில் ஒரு திருமணம் இன்றும் உறவுக்குள் நடக்கிறது. ஒரே தாத்தாவின் பழுதான ஓலை, மகன் வழியாகவும் மகள் வழியாகவும் இறங்கி, பேரனும் பேத்தியும் மணக்கும்போது ஒன்று சேரக்கூடும். உறவுத் திருமணத்தை இழித்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அன்னியத்தில் மணந்தாலும் இருவரும் சுமப்பவர்களாக இருக்கக் கூடும். எந்தத் திருமணமானாலும் தெரிந்து செய்ய வேண்டும் என்பதே கருத்து.

தெரிந்து கொள்வது கஷ்டமான காரியமும் அல்ல. கொஞ்சம் ரத்தம் போதும். ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் அளவும் முதலில் பார்ப்பார்கள். அணுக்கள் வழக்கத்தைவிடச் சிறியதாக இருந்தால், ஹீமோகுளோபின் ஏ-2 என்ற பரிசோதனை செய்வார்கள். வாழ்நாளில் ஒரு முறை செய்தால் போதும். “ரத்த குரூப் பார்த்து விட்டோமே” என்று சிலர் சொல்வார்கள். ரத்த குரூப் வேறு. இந்தச் சோதனை வேறு.

சைப்ரஸ் என்று ஒரு சின்னத் தீவு. அங்கே இந்த நோய் மிகவும் அதிகம். 1970-களில் அரசாங்கம் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. பிறகு அங்குள்ள தேவாலயமும், பரிசோதனைச் சீட்டு இருந்தால்தான் திருமணம் என்று சொல்லி விட்டது. திருமணத்தை யாரும் தடுக்கவில்லை; தெரிந்து கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார்கள். இன்று அங்கே தலசீமியாக் குழந்தை பிறப்பது மிக அபூர்வம். ஒரு தீவு செய்ததை ஒரு மாவட்டம் செய்ய முடியாதா?

இந்தியாவிலும் வழி இருக்கிறது. 2016-ல் மத்திய அரசு இதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதே ஆண்டு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலசீமியாவும் சேர்க்கப்பட்டது. காஞ்சிபுரத்துக்கு மேற்கே உள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-லேயே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கி விட்டது. உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்தினால் தலசீமியாக் குழந்தை பூரண குணம் அடையலாம்.

வெட்டும் கத்தரியையே திருத்தும் மருந்துகளும் வந்து விட்டன. முதுகுத்தண்டு நரம்பு நலிந்து, குழந்தைகளின் தசை சோர்ந்து போகும் நோய் ஒன்று உண்டு. அவர்களிடம் மாற்றாக உள்ள ஒரு மரபணுவின் படியில் ஏழாவது எக்ஸான் விடுபட்டுப் போகிறது. அதை விடாமல் ஒட்ட வைக்கும் ஊசி மருந்துக்கு 2016-லும், வாய் வழியே கொடுக்கும் மருந்துக்கு 2020-லும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வாய் வழி மருந்தின் விலை லட்சக் கணக்கில் இருந்தது. இந்தியக் கம்பெனி அதைக் குறைந்த விலையில் தயாரிப்பதைத் தடுக்க வேண்டும் என்று வெளிநாட்டுக் கம்பெனி தொடர்ந்த வழக்கில், 2025-ல் டில்லி ஐகோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும் தடை விதிக்க மறுத்து விட்டன. ஏழைக் குழந்தைக்கும் விஞ்ஞானம் எட்ட வேண்டும் என்பவர்களுக்கு இது நம்பிக்கை தரும் செய்தி.

என்ன செய்ய வேண்டும்?

வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. கர்ப்பிணிப் பெண் முதன் முதலாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும்போதே இந்தப் பரிசோதனையும் நடக்க வேண்டும். அவள் சுமப்பவள் என்று தெரிந்தால், கணவனும் தயங்காமல் ரத்தம் கொடுக்க வேண்டும். இருவரும் சுமப்பவர்கள் என்றால், கருவிலேயே கண்டறியும் சோதனை பத்து, பன்னிரண்டு வாரத்தில் பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு. நாள் கடத்தாமல் டாக்டரின் யோசனையைக் கேட்க வேண்டும்.

அரசாங்கம் இந்தப் பரிசோதனையைக் கிராமத்துக்குக் கொண்டு வர வேண்டும். தாலுகாவுக்கு ஓர் இடத்திலாவது கட்டணமின்றிச் செய்ய வேண்டும். கல்யாணம் பேசுகிற பெரியவர்கள், ஜாதகத்தோடு இந்தச் சீட்டையும் சேர்த்து வைக்க வேண்டும். வாலிபர்கள் ஆண்டுக்கு இரண்டு முறையாவது ரத்த தானம் செய்ய வேண்டும். மாதந்தோறும் ரத்தத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் குழந்தைக்கு அதுவே உயிர்.

உத்தரமேரூரின் முன்னோர்கள் 919-ல் ஒரு விதி செய்தார்கள். வேட்பாளரின் வயது 30-லிருந்து 60-க்குள் இருக்க வேண்டும் என்றார்கள். இரண்டே ஆண்டில், அதை 35-லிருந்து 70 என்று மாற்றி மறுபடி கல்லில் வெட்டினார்கள். கல்லில் எழுதியதைக்கூட, ஊர் நன்மைக்காகத் திருத்தத் தயங்கவில்லை.

அந்த மண்ணில் வாழ்பவர்கள் மனத்தில் எழுதி வைத்திருக்கும் ஒரு பழைய பழியைத் திருத்தக் கூடாதா? உடம்பின் கல்லெழுத்தை மாற்றுவது எல்லோராலும் ஆகாது. ஆனால் அதைப் படித்துப் பார்க்க ஒரு துளி ரத்தம் போதும். பழிச்சொல்லை நிறுத்தக் காசே வேண்டாம்!